ஸ்ரீபுரந்தான் நடராஜர்: ஒவ்வொரு துறையிடமும் ஒரு துண்டு இருந்த வழக்கு

2014 செப்டம்பர் 5 அன்று புதுடெல்லியில், ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபோட் இரண்டு சிலைகளை இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியிடம் ஒப்படைத்தார். ஒன்று, அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் பிரகதீஸ்வரர் கோயிலின் சோழர் கால நடராஜர். இன்னொன்று, விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலின் சுவர் மாடத்தில் நின்றிருந்த அர்த்தநாரீஸ்வரர் கற்சிலை. நடராஜரைக் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியிருந்தது. அர்த்தநாரீஸ்வரரை சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004-ல் வாங்கியது. இரண்டையும் விற்றவர் ஒருவரே: நியூயார்க் மேடிசன் அவென்யூவில் 'ஆர்ட் ஆஃப் தி பாஸ்ட்' என்ற கடை நடத்திய சுபாஷ் கபூர்.

அன்றைய செய்திகளில் இது இரு நாட்டு நட்பின் அடையாளமாகச் சொல்லப்பட்டது. அதில் தவறில்லை. ஆனால் இந்த வழக்கை ஆரம்பத்திலிருந்து படித்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. நடராஜரைக் கண்டுபிடிக்கத் தேவையான ஆதாரங்கள் எல்லாம் திருட்டு நடந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே இருந்தன. புதுச்சேரியில் ஒரு புகைப்படம் இருந்தது. அரியலூர் பக்கம் ஒரு முதல் தகவல் அறிக்கை இருந்தது. சென்னைத் துறைமுகத்தில் சரக்கு ஆவணம் இருந்தது. நியூயார்க்கில் ஒரு கணினியில் திருடர்கள் அனுப்பிய படங்கள் இருந்தன. கான்பெராவில் சிலையே வெளிச்சத்தில் நின்றது. இவற்றை ஒரே மேசையில் வைத்துப் பார்க்க வேண்டிய கடமை எந்த அலுவலகத்துக்கும் இல்லை. அதனால்தான் இவ்வளவு காலம் ஆனது. இந்த ஆய்வு அதைப் பற்றியதுதான்.

திருட்டு

ஸ்ரீபுரந்தான் பெரிய ஊர் இல்லை. கோயில் சோழர் காலத்தது. ஆனால் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அது பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. அன்றாட பூஜை இல்லாத கோயிலில் உற்சவர் திருமேனிகள் உள்ளே இருக்கின்றன என்றால், அவற்றை யாரும் அன்றாடம் பார்ப்பதில்லை என்று அர்த்தம். திருட்டுக் கும்பலுக்கு அதைவிட வசதி வேண்டியதில்லை. 2006-ல் ஒன்றன்பின் ஒன்றாகத் திருமேனிகள் வெளியே போயின. நடராஜர், உமா பரமேஸ்வரி, பிள்ளையார் என்று போன வரிசை ஊருக்குத் தெரிய வந்தது 2008-ல்தான். அதற்குள் பிள்ளையார் அமெரிக்காவின் டொலீடோ அருங்காட்சியகத்துக்கும், உமா பரமேஸ்வரி சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அருங்காட்சியகத்துக்கும் விற்கப்பட்டுவிட்டார்கள். புகார் எழுதும்போதே பொருள் மூன்று கண்டங்களில் இருந்தது.

அருகிலேயே சுத்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயிலிலும் அதே கும்பல் கைவைத்தது. அங்கேயும் 2008-ல்தான் விஷயம் வெளிவந்தது.

இந்த இரண்டு வருட இடைவெளியை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். திருட்டுப் பொருளை மீட்பதில் மிக முக்கியமான ஆவணம் புகாரின் தேதி. சிலையை வாங்குகிற அருங்காட்சியகம், களவுப் பொருள் பட்டியல்களில் தேடிப் பார்த்ததாகச் சொல்லும். புகாரே பதிவாகாத சிலை எந்தப் பட்டியலிலும் இருக்காது. கான்பெரா கலைக்கூடம் பணம் கொடுத்தது 2008-ன் தொடக்கத்தில். கோயில் திறக்கப்பட்டுத் திருட்டு தெரிந்தது அதற்குப் பிறகு. இந்து சமய அறநிலையத் துறையின் பொறுப்பில் 36 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோயில்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் காவலாளி வைக்க முடியாது என்பது உண்மை. ஆனால் வருடத்தில் ஒரு முறையாவது பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு திருமேனிகளை எண்ணிப் பார்த்திருந்தால், 2007-லேயே புகார் எழுந்திருக்கும். 1959-ம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 29-வது பிரிவே ஒவ்வொரு கோயிலுக்கும் சொத்துப் பதிவேடு வேண்டும் என்கிறது. சட்டம் இருந்தது, எண்ணிப் பார்க்கிற பழக்கம்தான் இல்லை.

எல்லையைத் தாண்டிய விதம்

பழைய திருமேனியை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. 1972-ம் ஆண்டு தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1976-ல் நடைமுறைக்கு வந்தது முதல், நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிற்பத்தைத் தனியார் ஏற்றுமதி செய்வது குற்றம். அப்படியென்றால் இத்தனை எடையுள்ள சிலைகள் எப்படிப் போயின? கள்ளத்தோணியில் இல்லை. முறையான சரக்குப் பெட்டியில், முறையான ஏற்றுமதி ஆவணத்தோடு, கைவினைப் பொருள் என்ற பெயரில் போயின.

இதில் ஒரு நடைமுறை ஓட்டை இருக்கிறது. கும்பகோணம், சுவாமிமலைப் பக்கம் ஸ்தபதிகள் இன்றும் அதே மெழுகு வார்ப்பு முறையில் புதிய சிலைகள் செய்கிறார்கள். அது நேர்மையான, சட்டப்படியான தொழில். ஏற்றுமதியும் உண்டு. அப்படி அனுப்பும்போது, 'இது தொல்பொருள் அல்ல' என்று தொல்லியல் துறையின் சான்றிதழ் வாங்குவார்கள். கடத்தல்காரர்கள் செய்வது என்னவென்றால், திருடிய சிலையைப் போலவே ஒரு புதிய சிலையைச் செய்து, அதைக் காட்டிச் சான்றிதழ் வாங்கி, பெட்டிக்குள் பழையதை வைப்பது. அல்லது புதிய சிலைகள் நிறைந்த சரக்கில் ஒன்றிரண்டு பழையவற்றைக் கலந்துவிடுவது. பழையதற்குப் புதுப் பூச்சு கொடுத்துவிட்டால் சுங்க அதிகாரியின் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அவர் தங்கத்தையும் போதைப்பொருளையும் பிடிக்கப் பயிற்சி பெற்றவர். பத்தாம் நூற்றாண்டு வார்ப்பையும் போன மாதத்து வார்ப்பையும் பிரித்துப் பார்க்க அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சான்றிதழ் கொடுத்தவர் பெட்டியைப் பார்ப்பதில்லை, பெட்டியைப் பார்ப்பவருக்குச் சிலையைப் பற்றித் தெரியாது. இரண்டு துறைகளும் தங்கள் வேலையை விதிப்படி செய்தாலும், நடுவில் உள்ள இடைவெளியில் சிலை போய்விடும்.

வெளிநாட்டில் அடுத்த கட்டம் காத்திருந்தது. சிலைக்கு ஒரு பழைய வரலாறு எழுத வேண்டும். நடராஜருக்கு எழுதப்பட்ட கதை இது: டெல்லியில் பணியாற்றிய சூடான் நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் 1970-ல் அதை வாங்கினார், பிறகு அது குடும்பத்தோடு வெளிநாடு போனது. தேதியைக் கவனியுங்கள். களவுக் கலைப்பொருள் பற்றிய யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-ம் ஆண்டுடையது, இந்தியச் சட்டம் 1972-ம் ஆண்டுடையது. இரண்டும் பிடிக்காத ஒரு வருடத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கு ஒரு கடிதமும் தயாரித்தார்கள். கபூரின் கடை மேலாளர் 2013 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இப்படிப் போலிப் பூர்வீகம் தயாரித்ததும் அதில் அடக்கம்.

இரண்டு விசாரணைகள்

தமிழ்நாட்டில் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு 1983-லேயே தொடங்கப்பட்டது. இந்தியாவில் வேறெந்த மாநிலமும் அவ்வளவு சீக்கிரம் இதற்கென்று தனிக் காவல் பிரிவு வைக்கவில்லை. அதைப் பெருமையாகவே சொல்லலாம். ஸ்ரீபுரந்தான், சுத்தமல்லி புகார்களை எடுத்துக்கொண்ட அந்தப் பிரிவு, 2009-ல் சென்னையில் இயங்கிய முக்கிய இடைத்தரகரைக் கைது செய்தது. அவர் மூலம் நியூயார்க் தொடர்பு வெளிப்பட்டது. திருடியவர், சென்னைக்குக் கொண்டுவந்தவர், அனுப்பியவர், வாங்கியவர் என்று சங்கிலி முழுதும் காவல்துறைக்குப் புரிந்தது.

அதே சமயம் நியூயார்க்கில் இன்னொரு விசாரணை தனியாக ஓடிக்கொண்டிருந்தது. 2007-ல் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகம், அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் புலனாய்வுப் பிரிவான எச்.எஸ்.ஐ.க்கு ஒரு தகவல் கொடுத்தது. ஏழு பெட்டிகள் வருகின்றன, 'பளிங்குத் தோட்ட மேசைகள்' என்று எழுதியிருக்கிறது, உள்ளே தொல்பொருள் இருக்கலாம் என்பதுதான் தகவல். அந்தச் சரக்கு கபூரின் நிறுவனத்தோடு தொடர்புடையது. 'ஆபரேஷன் ஹிடன் ஐடல்' என்று பின்னால் பெயர் பெற்ற விசாரணை அங்கிருந்து வளர்ந்தது.

ஒரு பக்கம் இந்தியத் தூதரகம் 2007-ல் அமெரிக்காவை எச்சரிக்கிறது. மறுபக்கம் 2008-ல் அரியலூரில் வழக்கு பதிவாகிறது. இரண்டும் ஒரே ஆளை நோக்கிப் போகின்றன. ஆனால் ஒரு மாநிலக் காவல் பிரிவு நேராக நியூயார்க்குக்குத் தொலைபேசியில் பேசி ஆதாரம் கேட்க முடியாது. வெளிநாட்டுச் சாட்சியம் வேண்டுமென்றால் நீதிமன்றத்தில் வேண்டுகோள் கடிதம் பெற வேண்டும். அது மத்திய உள்துறை அமைச்சகத்துக்குப் போக வேண்டும், அங்கிருந்து வெளியுறவு அமைச்சகம் வழியாகத் தூதரகத்துக்கு, தூதரகத்திலிருந்து அந்த நாட்டு அதிகாரிகளுக்கு. தேடப்படும் ஆளுக்கு இண்டர்போல் அறிவிப்பு வேண்டுமென்றால் சி.பி.ஐ. வழியாகப் போக வேண்டும், ஏனென்றால் இந்தியாவில் இண்டர்போலின் கை சி.பி.ஐ.தான். சிலையைத் திருப்பிக் கேட்க வேண்டுமென்றால் இந்தியத் தொல்லியல் துறை கேட்க வேண்டும். அது எந்தக் கோயில் சிலை என்று சொல்ல வேண்டியது அறநிலையத் துறை. அது எப்படி வெளியே போனது என்ற ஆவணம் சுங்கத் துறையில் இருக்கும். இந்த ஒவ்வொரு நிலையிலும் கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர வேண்டும். கடத்தல்காரருக்கு இடைத்தரகரிடம் பேச ஒரு மின்னஞ்சல் போதும்.

எப்படியோ அந்த வேலை நடந்தது. இண்டர்போல் அறிவிப்பின்படி 2011 அக்டோபர் 30 அன்று ஜெர்மனியின் பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் கபூர் கைதானார். 2012 ஜூலையில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அவர் கைதான சில மாதங்களிலேயே நியூயார்க்கில் அவருடைய கடையிலும் கிடங்குகளிலும் எச்.எஸ்.ஐ. சோதனை போட்டது. 2012-லேயே பல கோடி டாலர் மதிப்புள்ள சிலைகள் கைப்பற்றப்பட்டன. கணினிகளில் இருந்த படங்கள் அதைவிட மதிப்புள்ளவை. திருடியவர்கள் சுத்தம்கூடச் செய்யாத நிலையில் சிலைகளைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். எந்த நீதிமன்றத்திலும் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

தமிழ்நாட்டுக் காவல்துறை பிடியாணைக்கு வேண்டிய வழக்கைக் கட்டியது, சி.பி.ஐ. இண்டர்போலுக்குக் கொண்டுபோனது, ஜெர்மனி பிடித்துக் கொடுத்தது, அமெரிக்கா கிடங்கைத் திறந்தது. இதில் யாராவது ஒருவர் 'இது என் வேலை இல்லை' என்று கோப்பைக் கீழே வைத்திருந்தால், அந்தக் கடை இன்றும் திறந்திருக்கலாம்.

புதுச்சேரியில் இருந்த படம்

சரி, ஆள் கிடைத்துவிட்டார். கான்பெராவில் இருக்கும் நடராஜர் ஸ்ரீபுரந்தான் நடராஜர்தான் என்று எப்படி நிரூபிப்பது? வாங்கியவர்கள் கையில் 1970-ம் ஆண்டுக் கடிதம் இருக்கிறது. நம் கையில் என்ன இருக்கிறது?

நல்லவேளையாக, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் படங்கள் இருந்தன. 1955-ல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தின் ஆட்கள் 1950-களின் பின்பகுதியிலிருந்து தென்னிந்தியா முழுவதும் சுற்றி, கோயில் கோயிலாகப் படம் எடுத்தார்கள். சுமார் 1,60,000 படங்கள். அவர்கள் எடுத்தது கலை வரலாற்று ஆராய்ச்சிக்காக. திருட்டு வழக்குக்கு உதவும் என்று அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஸ்ரீபுரந்தான் நடராஜரும் விருத்தாசலம் அர்த்தநாரீஸ்வரரும் அந்தச் சேகரிப்பில் இருந்தார்கள்.

சோழர் காலச் செப்புத் திருமேனியில் ஒரு விசேஷம் உண்டு. மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகம் ஊற்றுவார்கள். சிலையை எடுக்க மண் அச்சை உடைத்தாக வேண்டும். அதனால் ஒரு வார்ப்பில் ஒரு சிலைதான், அதே போல் இன்னொன்று வராது. திருவாசியின் சுடர்கள், பீடத்தில் விழுந்த குறை, தேய்ந்த மூக்கு, ஒடிந்த விரல் எல்லாம் சேர்ந்து கைரேகை மாதிரி. பழைய படத்தையும் அருங்காட்சியகப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வாதம் முடிந்துவிடும்.

வைத்தவர்கள் யார் என்பதைத்தான் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக் காவல்துறை அந்தப் படங்களை வழக்கில் பயன்படுத்தியது. ஆனால் உலகம் முழுதும் அருங்காட்சியகங்களின் பட்டியல்களைத் தேடித் தேடி இரண்டு படங்களையும் பொருத்திப் பொதுவெளியில் வைத்தவர்கள் புலனாய்வுச் செய்தியாளர்களும், சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் இதைச் செய்த எஸ். விஜய்குமார் போன்ற தன்னார்வலர்களும்தான். அவர் தோற்றுவித்தவர்களில் ஒருவராக இருக்கும் 'இந்தியா பிரைட் புராஜெக்ட்' என்ற அமைப்பு, அதன் பிறகு பல சிலைகளை இப்படி அடையாளம் காட்டியது. அவர்களுக்குச் சம்பளம் இல்லை, அதிகாரமும் இல்லை. ஆனால் மேசை மேசையாகத் தனித்தனியே கிடந்த காகிதங்களைச் சேர்த்துப் பார்க்கும் வேலையை அவர்கள் செய்தார்கள். ஆதாரம் பொதுவெளிக்கு வந்த பிறகுதான் கான்பெரா கலைக்கூடத்துக்கு நெருக்கடி வந்தது. 2014 மார்ச்சில் நடராஜர் பார்வையிலிருந்து அகற்றப்பட்டார். இந்திய அரசு முறைப்படி கேட்டது. செப்டம்பரில் அவர் டெல்லி வந்தார்.

அவர்களுடைய உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் ஒரு அரசின் மீட்பு நடவடிக்கை, தனிமனிதர்களின் ஓய்வு நேரத்தை நம்பி இருக்கக் கூடாது. அவர்கள் பார்க்காமல் விட்ட சிலைக்கு யார் பொறுப்பு?

முன்னால் நடந்ததும் பின்னால் நடந்ததும்

இந்த வழக்கின் அருமை புரிய, பத்தூர் நடராஜர் வழக்கோடு ஒப்பிட வேண்டும். 1976-ல் பத்தூரில் பாழடைந்த கோயில் அருகே மண்ணிலிருந்து கிடைத்த நடராஜர் கைமாறி லண்டன் போய், 1982-ல் ஒரு கனடா நிறுவனத்தின் கைக்கு வந்தார். லண்டன் காவல்துறை சிலையைக் கைப்பற்றியது. அந்தச் சிலை பூமிக்குள் கிடந்ததால் புகைப்படம் கிடையாது. அதே இடத்தில் கிடைத்த மற்றச் சிலைகளோடு ஒப்பிட்டு, மண்ணையும் ஒட்டியிருந்தவற்றையும் ஆராய்ந்து, தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி லண்டன் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லி நிலைநாட்ட வேண்டியிருந்தது. கோயிலே வழக்காட உரிமை உள்ள நபராக ஏற்கப்பட்டது. 1991-ல் சிலை திரும்பியது. அந்த வழக்கில் தமிழ்நாட்டு அரசும் மத்திய அரசும் அறிஞர்களும் ஒரே அணியாக நின்றார்கள். அந்த அனுபவத்தை ஒரு நிரந்தர ஏற்பாடாக மாற்றாமல் விட்டதுதான் என் மனக்குறை. வெற்றி கிடைத்ததும் அணி கலைந்தது. 2013 வரை வெளிநாடுகளிலிருந்து இந்தியா மீட்டவை மொத்தமாகவே இருபதைத் தாண்டவில்லை.

கல்லிடைக்குறிச்சி நடராஜர் இன்னொரு பாடம். குலசேகரமுடையார் கோயிலிலிருந்து 1982-ல் திருடப்பட்டது. இரண்டே வருடத்தில், 1984-ல், 'கண்டுபிடிக்க இயலாதது' என்று உள்ளூர்க் காவல்துறை வழக்கை முடித்தது. 2001-ல் அடிலெய்டில் உள்ள தெற்கு ஆஸ்திரேலியக் கலைக்கூடம் அதை வாங்கியது. 2019 செப்டம்பரில் அது சென்னை வந்து சேர்ந்தது. 37 ஆண்டுகள். மூடிய கோப்பைத் திறந்ததும், புதுச்சேரிப் படம் இருந்ததும்தான் உதவின. வழக்கை 'முடித்தது' என்று எழுதிய அந்த வரி, சட்டப்படி எவ்வளவு சேதம் செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். புகார் நிலுவையில் இல்லாத பொருளை வாங்குகிறவர், நான் நல்லெண்ணத்தோடு வாங்கினேன் என்று தயங்காமல் சொல்லலாம்.

அனந்தமங்கலம் இராஜகோபாலப் பெருமாள் கோயில் வழக்கு அதற்கு நேர்மாறாக நடந்தது. ராமர், லட்சுமணர், சீதை திருமேனிகள் 1978-ல் திருடுபோயின. 1958-ல் எடுத்த புதுச்சேரிப் படம் இருந்தது. 2019-ல் தன்னார்வலர்கள் லண்டனில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொன்னார்கள். தூதரகம் லண்டன் காவல்துறையையும் தமிழ்நாட்டு சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவையும் ஒரே நேரத்தில் தொடர்புகொண்டது. தமிழ்நாடு பழைய வழக்கு ஆவணங்களை எடுத்து அனுப்பியது. வைத்திருந்தவர் விஷயம் தெரிந்ததும் தாமாகவே கொடுத்துவிட்டார். 2020 செப்டம்பரில் லண்டனில் ஒப்படைப்பு, நவம்பரில் கோயில் தரப்பிடம் ஒப்படைப்பு. கொரோனா காலத்தில், ஒரு வருடத்துக்குச் சற்று மேல். யாரும் புதிய சட்டம் போடவில்லை. 42 வருடத்துக்கு முந்தைய கோப்பு கையில் கிடைத்தது, கேட்டவருக்குக் கேட்டவுடன் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்குள் நடந்த இழுபறி

கடல் தாண்டிய ஒத்துழைப்பு இப்படி மெல்ல மெல்லச் சீரானபோது, உள்ளூரில் நிலைமை வேறாக இருந்தது. 2017 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சிலைக் கடத்தல் வழக்குகளை ஒரே அதிகாரியின் கீழ் கொண்டுவரவும், கோயில் சிலைகளுக்குப் பாதுகாப்பு அறைகள் கட்டவும் உத்தரவிட்டது. 2018 ஆகஸ்டில் மாநில அரசு அந்த வழக்குகளை சி.பி.ஐ.க்கு மாற்ற அரசாணை போட்டது. நவம்பரில் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்து, அந்த வழக்குகளைக் கவனித்துவந்து ஓய்வுபெறும் அதே அதிகாரியையே சிறப்பு அதிகாரியாக நியமித்தது. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. விசாரணைப் பிரிவும் அறநிலையத் துறையும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்தன. கடத்தலைத் தடுக்கும் பிரிவில் வேலை பார்த்த அதிகாரி மீதே சிலை விற்றதாக வழக்கு வந்தது. யார் பக்கம் நியாயம் என்று இங்கே தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் எத்தனை அதிகாரிகளின் நேரம் சிலையைத் தேடுவதில் போனது, எத்தனை பேரின் நேரம் பதில் மனு எழுதுவதில் போனது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

இதைவிடக் கவலையளிப்பது கோப்புகளின் கதி. தமிழ்நாட்டில் 41 சிலைத் திருட்டு வழக்குகளின் ஆவணங்கள் காணாமல் போனது உச்ச நீதிமன்றம் வரை விவாதமானது. அனந்தமங்கலத்தில் நாற்பது வருடக் கோப்புதான் சிலையைக் கொண்டுவந்தது என்று மேலே சொன்னேன். அப்படியானால் 41 கோப்புகள் போயின என்பதன் பொருள் என்ன? அந்தச் சிலைகள் நாளை ஏதாவது ஒரு நாட்டில் ஏலத்துக்கு வந்தால், அவை நம்முடையவை என்று சொல்ல நம்மிடம் காகிதம் இல்லை. சிலை ஒரு முறை திருடப்பட்டது, அதன் புகார் இரண்டாவது முறை தொலைந்தது.

2022 நவம்பர் 1 அன்று கும்பகோணம் நீதிமன்றம் உடையார்பாளையம் பகுதியில் உள்ள அந்தச் சுத்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயில் வழக்கில் கபூருக்கும் கூட்டாளிகளுக்கும் தண்டனை விதித்தது. கபூருக்கு 10 ஆண்டு. நாடு கடத்தி வந்து பத்து வருடங்களுக்கு மேல் ஆன பிறகு வந்த தீர்ப்பு அது. நியூயார்க்கில் மன்ஹாட்டன் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகமும் 2019-ல் அவர் மீது வழக்குத் தொடுத்தது.

அந்த அலுவலகம் 2017-ல் தொல்பொருள் கடத்தலுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கியது. அரசு வழக்கறிஞர்கள், எச்.எஸ்.ஐ. புலனாய்வாளர்கள், கலை வரலாறு படித்த பகுப்பாய்வாளர்கள் ஒரே பிரிவில் சேர்ந்து வேலை செய்கிறார்கள். எனக்குத் தெரிந்து இந்த வழக்கின் முழு வரலாற்றிலும் 'ஒருங்கிணைப்பு' என்ற சொல்லுக்குப் பொருத்தமான ஏற்பாடு இதுதான். பலனும் தெரிகிறது. 2021 அக்டோபரில் 248, 2022 அக்டோபரில் 307, 2024 நவம்பரில் 1,440 என்று அந்த அலுவலகம் இந்தியாவிடம் நூற்றுக்கணக்கில், பிறகு ஆயிரத்துக்கு மேல் பொருள்களை ஒப்படைத்தது. முதல் இரண்டு தொகுதிகளிலும் பெரும்பாலானவை கபூர் தொடர்பானவை.

இந்த எண்களில் மகிழ்ச்சியோடு ஒரு உறுத்தலும் இருக்கிறது. கபூரின் கிடங்குகளிலிருந்து கிடைத்தவற்றில் பலவற்றுக்கு இந்தியாவில் புகாரே கிடையாது. எந்த ஊர், எந்தக் கோயில் என்று தெரியாது. நாம் கேட்டதால் அவை வரவில்லை, அவர்கள் கண்டுபிடித்ததால் வந்தன. அப்படி வந்தவற்றில் பல டெல்லியில் தொல்லியல் துறையின் காப்பில் இருக்கின்றன. புராணா கிலாவில் இப்படி மீட்கப்பட்டவற்றுக்கென்று 2019-ல் ஒரு காட்சிக்கூடமே திறந்தார்கள். கும்பிட்ட ஊர் எது என்று தெரியாத திருமேனியை வேறு எங்கே வைப்பது?

2024 ஜூலை 26 அன்று இந்தியாவும் அமெரிக்காவும் பண்பாட்டுச் சொத்து உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இதன்படி, குறிப்பிட்ட வகைத் தொல்பொருள்கள் உரிய இந்திய அனுமதி இல்லாமல் அமெரிக்காவுக்குள் போனால் சுங்கத்திலேயே தடுக்கலாம். ஒவ்வொரு சிலைக்கும் தனித்தனியாகத் திருட்டை நிரூபிக்க வேண்டிய சுமை இதனால் குறையும். நல்ல முன்னேற்றம். ஆனால் பெட்டி இந்தியாவை விட்டுக் கிளம்பிய பிறகுதான் இது வேலை செய்யும்.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை இல்லை. தொல்பொருள் அல்ல என்று கொடுக்கும் சான்றிதழில் உள்ள படமும் எடையும் அளவும் சுங்க அதிகாரியின் திரையில் அதே நாளில் தெரிய வேண்டும். அப்போது பெட்டியைத் திறந்து எடைபோட்டாலே பாதி மாற்றல் வேலை பிடிபடும். அறநிலையத் துறையின் பதிவேடு, புதுச்சேரிப் படங்கள், காவல்துறையின் பழைய முதல் தகவல் அறிக்கைகள் மூன்றும் ஒரே தேடலில் கிடைக்க வேண்டும், அதைத் தூதரகங்களும் பார்க்க முடிய வேண்டும். கண்டுபிடிக்க இயலாது என்று மூடிய வழக்குகளை எல்லாம் மறுபடி திறந்து வைக்க வேண்டும். சிலை கிடைக்கும்வரை சிலை வழக்கு முடிந்ததாக எழுதக் கூடாது. மாநிலக் காவல், அறநிலையத் துறை, தொல்லியல் துறை, சுங்கம், வெளியுறவு ஆகியவற்றிலிருந்து தலா ஒருவரை ஒரே அறையில் உட்காரவைக்க வேண்டும். கூட்டம் போட்டுக் கலைவதற்காகச் சொல்லவில்லை, அதுவே அவர்கள் முழுநேர வேலையாக இருக்க வேண்டும். புகார் வந்த நாளே ஐந்து துறைக்கும் தெரிந்துவிடும்.

நடராஜர் டெல்லியிலிருந்து தமிழ்நாடு வந்ததும் கும்பகோணம் நீதிமன்றத்தில் வழக்குச் சொத்தாக முன்னிலைப்படுத்தப்பட்டு, அங்கேயே உலோகத் திருமேனிகள் பாதுகாப்பு மையத்தில் வைக்கப்பட்டார். ஊர்க்காரர்களுக்கு அவர் தங்கள் கோயிலுக்கு வர வேண்டும் என்ற ஆசை இருப்பது நியாயம். பூட்டியிருந்த கோயிலில் திரும்பவும் வைத்தால் திரும்பவும் போகாது என்று உறுதி சொல்ல அறநிலையத் துறை தயங்குவதும் எனக்குப் புரிகிறது. இரண்டுக்கும் விடை, உயர் நீதிமன்றம் 2017-ல் சொன்ன அந்தப் பாதுகாப்பு அறைகள்தான். அலாரம், கேமரா, இரண்டு பேர் சேர்ந்து திறக்கும் பூட்டு, மாதம் ஒரு முறை எண்ணிக்கை. ஸ்ரீபுரந்தான் மாதிரி சின்ன ஊர்க் கோயில்களில் அவை எப்போது முடியும் என்று அந்தந்த ஊர் மக்கள் கோயில் நிர்வாக அதிகாரியிடம் எழுத்தில் கேட்கலாம். பதிவேட்டில் தங்கள் சாமியின் படம் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.